வான்வழிப் படங்களில் மதுரை: நகர அடையாளங்களின் மாற்றமும் சான்றின் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

மதுரை நகரின் வான்வழி ஒளிப்படங்களும் செயற்கைக்கோள் படங்களும் அந்நகரின் பழமைக்கும் மாறாத தன்மைக்கும் சான்றாக எடுத்தாளப்படுகின்றன. நின்று நிலைத்த அடையாளங்களின் இன்றைய நிலையைக் காட்டுவதில் இப்படங்கள் பெரிதும் தவறுகின்றன. இடித்தகற்றப்பட்டவற்றின் சுவட்டையே அவை நம்பகமாகக் காட்டுகின்றன. கோட்டை, கோபுரம், நீர்நிலை, மண்டபம் என்னும் நான்கு வகை அடையாளங்களைக் கொண்டு இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: மதுரை, வான்வழி ஒளிப்படம், நாயக்கர் கால நகரமைப்பு, பரிபாடல், மரபுச் சின்னங்கள், வெளி வீதி.

1. படம் சான்றாகும் முறை

மதுரை பற்றிய நூல்களிலும் கருத்தரங்க மலர்களிலும் அடிக்கடி காணக்கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. நடுவில் மீனாட்சியம்மன் கோயில். அதன் நான்கு புறமும் உயர்ந்த கோபுரங்கள். அவற்றைச் சூழ்ந்து ஒன்றினுள் ஒன்றாக அடங்கிய வீதிகள். வானிலிருந்து எடுக்கப்பட்ட அப்படத்தின் கீழே, சங்க காலம் தொட்டு மாறாத நகரமைப்பு என்னும் பொருள்படும் குறிப்பு பெரும்பாலும் இடம்பெறும். அதே காட்சியின் பழைய படமும் புதிய படமும் அருகருகே அச்சிடப்பட்டு, நகரம் எவ்வளவு நெருக்கமாகிவிட்டது என்னும் வருத்தம் தெரிவிக்கப்படுவதும் உண்டு. முதற்குறிப்பு மாறாமையைச் சொல்கிறது. இரண்டாவது மாற்றத்தைச் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே வகைப் படம் சான்றாக நிறுத்தப்படுவதிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

வானிலிருந்து நகரத்தைப் படம்பிடிக்கும் வழக்கம் ஒளிப்படக்கலையின் தொடக்கக் காலத்திலேயே தோன்றியது. 1858-இல் பிரான்சில் நாடார் என்பவர் பலூனிலிருந்து எடுத்த படங்கள் இன்று இல்லை. 1860-இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பாஸ்டன் நகரின்மேல் எடுத்த படமே கிடைப்பவற்றுள் மிகப் பழையது. முதல் உலகப்போர் இக்கலையை வேவுத்தொழிலாக வளர்த்தெடுத்தது. அந்தப் போர்த்தொடர்பு பின்னரும் அறுபடவில்லை. 1960 முதல் 1972 வரை அமெரிக்க வேவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த, 8,60,000-க்கும் மேற்பட்ட கொரோனா வரிசைப் படங்கள் 1995-இல்தான் பொதுப் பார்வைக்கு வந்தன. இந்தியாவிலும் வான்வழிப் படங்கள் நெடுங்காலம் பாதுகாப்புத்துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தன. நிலவரைபடத் தரவுகளின்மீதான கட்டுப்பாடு பெருமளவு தளர்ந்தது 2021-இல்தான். எனவே தமிழ் ஆய்வாளர் ஒருவர் ‘பழைய வான்வழிப் படம்’ என்று எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் மரபுச் சின்னங்களைப் பதிவு செய்யும் நோக்கில் எடுக்கப்பட்டதாக இராது. நில அளவைக்காகவோ படைத்தேவைக்காகவோ எடுக்கப்பட்டதில் சின்னமும் தற்செயலாக விழுந்திருக்கும்.

படவகை இரண்டையும் பிரித்துக்கொள்வது இங்குத் தேவை. தரைக்கு நேர் மேலிருந்து எடுக்கப்படும் செங்குத்துப் படம் ஒன்று; பக்கவாட்டில் சாய்த்து எடுக்கப்படும் சாய்கோணப் படம் மற்றொன்று. முன்னது அளப்பதற்கு ஏற்றது. பின்னது காண்பதற்கு இனியது. மலர்களை அணிசெய்வன பின்னவை. வாதங்களோ, செங்குத்துப் படத்துக்கு மட்டுமே உரிய அளவுத்துல்லியத்தைச் சாய்கோணப் படத்தின்மீது ஏற்றிப் பேசுகின்றன.

2. தாமரையும் சதுரமும்

பரிபாடல் திரட்டிலுள்ள பாடற்பகுதி ஒன்று மதுரையைத் திருமாலின் உந்தியில் மலர்ந்த தாமரைக்கு ஒப்பிடுகிறது. தெருக்கள் இதழ்கள்; நடுவிலுள்ள பொகுட்டு அண்ணலின் கோயில். பறக்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில் ஒரு நகரத்தை மேலிருந்து கண்டதுபோல் சொல்லும் இவ்வுவமை வியப்புக்குரியதே. கோயிலை நடுவில் கொண்ட வான்வழிப் படத்தைக் காண்பவர் இப்பாடலை நினைத்துக்கொள்வது இயல்பு. ஆயினும் நினைவுகூர்தல் வேறு, நிறுவுதல் வேறு.

முதலாவது, பாடலில் பொகுட்டாக வரும் ‘கோயில்’ அரசனின் அரண்மனையைக் குறிப்பதாகக் கொள்வதற்கே சங்க வழக்கு இடந்தருகிறது. இறைவனின் இருப்பிடத்தை மட்டும் அச்சொல் குறிப்பது பிற்கால வழக்கு. படத்தின் நடுவில் இறைக்கோயில் இருப்பதால், பாடலின் நடுவிலும் இறைக்கோயிலே இருந்திருக்க வேண்டும் என்ற முடிவு எளிதில் பிறந்துவிடுகிறது. பாடலுக்குச் சான்றாக வந்த படம் பாடலின் பொருளையே மாற்றிவிடுவது இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது.

இரண்டாவது, படத்தில் தெரியும் வீதியமைப்பின் காலம். இன்று காணும் சதுரவரிசை 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் தொடங்கி வளர்ந்த நகரமைப்பு என்பதே வரலாற்றறிஞர்களின் பொதுவான கருத்து. 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பு, அதன்பின் சுல்தானியர் ஆட்சி, குமார கம்பணரின் வெற்றி எனப் பல முறிவுகளைக் கண்ட நகரம் அது. கோபுரங்களுள் கிழக்கும் மேற்கும் பாண்டியர் காலத்தன எனவும், தெற்குக் கோபுரம் 1559-இல் செவ்வந்தி மூர்த்திச் செட்டியார் எழுப்பியது எனவும் கோயில் வரலாறு கூறும். பரிபாடல் காலத்து மதுரை இதே இடத்தில்தான் இருந்ததா என்பதே ஆய்வுலகில் விவாதத்துக்குரியதாக இருக்கும்போது, நாயக்கர் கால வீதிகளைக் கொண்டு சங்கப்பாடலை மெய்ப்பிப்பது கால வழு.

மூன்றாவது, படத்தைக் கூர்ந்து நோக்கினால் அந்த ஒழுங்கே முழுமையானதன்று என்பது புலப்படும். மதிலுக்குள் அமைந்த ஆடி வீதிகளும் மதிலை ஒட்டிய சித்திரை வீதிகளும் ஏறத்தாழ நேர்கோடுகள். ஆவணி மூல வீதிகளைக் கடந்து மாசி வீதிகளை நெருங்கும்போது கோடுகள் வளைகின்றன. மூலைகள் செங்கோணமாக அமைவதில்லை. சிற்பநூல் கூறும் இலக்கணப்படி ஒரே மூச்சில் வரையப்பட்ட நகரம் என்ற கருத்தை இவ்வளைவுகள் ஐயுறச் செய்கின்றன. படத்தைச் சான்றாகக் காட்டுவோர் இவ்வளைவுகளைப் பொருட்படுத்தாமல், கையால் வரைந்த நேர்த்தியான சதுரங்களை அதன் அருகில் அச்சிட்டு விடுகின்றனர். படிப்பவர் நினைவில் தங்குவது அந்தக் கோட்டோவியமே.

இவற்றைவிட ஆழமான வேறுபாடு ஒன்றுண்டு. அப்பாடல் இதழையும் பொகுட்டையும் சொன்னதோடு நின்றுவிடவில்லை. தமிழ்க்குடிகளைத் தாதுக்கும், பரிசில் பெற்று வாழ்வோரைத் தாதுண்ணும் வண்டுகளுக்கும் ஒப்பிட்டு, இறுதியில் அந்நகரம் விடியற்காலையில் எந்த ஒலி கேட்டுத் துயிலெழும் என்பதுவரை செல்கிறது. புலவனின் மேல்நோக்கு மக்களில் இறங்கி ஓசையில் முடிகிறது. செங்குத்துப் படத்தில் மக்கள் புள்ளியளவும் தெரிவதில்லை. இதழையும் பொகுட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு தாதையும் வண்டையும் விட்டுவிடும் மேற்கோள், பாடலைப் படத்தின் அளவுக்குக் குறைத்துவிடுகிறது.

வீதிகளின் பெயர்களும் படத்தில் தெரியாத ஒன்றையே பேசுகின்றன. ஆடி, சித்திரை, ஆவணி, மாசி என்பன அந்தந்த மாதத்து விழாவில் திருவுலா சென்ற வழிகள். இன்று சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவதோ மாசி வீதிகளில். மாசியில் நிகழ்ந்த திருக்கல்யாண விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவுடன் இணைத்தார் என்ற மரபுச்செய்தி இம்முரணை விளக்குகிறது. நகரத்தின் இந்தக் கால அமைப்பை எந்த உயரத்திலிருந்தும் படம்பிடிக்க இயலாது.

3. இல்லாத கோட்டை

விசுவநாத நாயக்கர் எழுப்பியதாகக் கூறப்படும் இரட்டை மதில் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் இருந்தன என்றும், ஒவ்வொன்றையும் ஒரு பாளையக்காரர் காத்தார் என்றும் மரபு. அக்கோட்டை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்னின் முயற்சியால் இடிக்கப்பட்டது. மதிலை அகற்றி அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்நிலமே வழங்கப்பட்டதால், அரசுக்குப் பெருஞ்செலவின்றி ஒரு கோட்டை மறைந்தது. நெரிசலும் நோயும் மிகுந்த நகரத்துக்குக் காற்றோட்டம் தருவது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

இன்று தரையில் நடப்பவருக்கு அக்கோட்டையில் எஞ்சியிருப்பது மிகச் சிறிது. பெரியார் பேருந்து நிலையத்தை அடுத்துள்ள மேற்கு வாசற் பகுதியே குறிப்பிடத்தக்க எச்சம். பேருந்துக்கு விரைபவர்கள் அதை ஒரு பழைய கற்சுவராகவே கடந்து செல்கின்றனர். வானிலிருந்து காண்பவருக்கோ கோட்டை முழுமையாகத் தெரிகிறது. அகழி இருந்த இடத்தில் நான்கு வெளி வீதிகள் அகன்ற பட்டைகளாகச் சூழ்கின்றன. மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடைப்பட்ட நிலத்தில், இடிப்புப் பணியிலும் அளவைப் பணியிலும் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர் தாங்கிய தெருக்கள் செல்கின்றன. மேற்கே இருப்புப்பாதை அதே திசைக்கோட்டை ஒட்டி ஓடுகிறது. வெளி வீதிகளுக்கு உள்ளே மனைகள் சிறுத்து நெருங்கியும், வெளியே பெருத்து விலகியும் இருப்பது படத்தில் ஒரு நிறவேறுபாடுபோலத் தெரியும். மதில் போய்விட்டது, மதில் வகுத்த உள்ளும் புறமும் போகவில்லை.

வான்வழிப் படத்தின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது. கட்டடம் அழியலாம், அது நிலத்தில் ஏற்படுத்திய எல்லை சொத்துரிமையாகவும் தெருவாகவும் மாறி நீடிக்கிறது. அவ்வெல்லையை ஒரே பார்வையில் காட்டும் ஆற்றல் மேலிருந்து எடுத்த படத்துக்கே உண்டு. சூசன் லெவண்டோவ்ஸ்கி 1977-இல் மதுரையையும் சென்னையையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை, சடங்கு நகரம் ஒன்று குடியேற்ற ஆட்சியின்கீழ் வடிவிலும் செயலிலும் எவ்வாறு மாறியது என்று ஆராய்ந்தது. அம்மாற்றத்தின் தடம் மதுரையில் மிகத் தெளிவாகக் காணக்கிடைப்பது இந்த வெளி வீதி வளையத்தில்தான் எனலாம். தமிழில் வெளிவந்த மதுரை வரலாறுகள் பலவும் கோட்டை இடிப்பை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. கோயிலின் தொன்மைக்குப் படத்தைத் தேடியவர்கள், அதே படம் மிக உறுதியாகச் சொல்லும் 19ஆம் நூற்றாண்டுச் செய்தியைத் தேடவில்லை.

பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது. அப்பகுதிக்கே அது பெயராகிவிட்டது. எந்த வான்வழிப் படத்திலும் அது தெரியாது. இடித்ததன் சுவடு வானிலிருந்து தெரிகிறது; இடித்தவரின் நினைவுச்சின்னம் தரையிலிருந்து மட்டுமே தெரிகிறது.

4. கோபுரமும் அதன் நிழலும்

மதுரையின் தலையாய அடையாளம் எதுவெனக் கேட்டால் கோபுரம் என்பதே விடை. ஏறத்தாழ 52 மீட்டர் உயரமுள்ள தெற்குக் கோபுரம் நெடுந்தொலைவிலிருந்து வருபவருக்கும் ஊரை அறிவிப்பது. செங்குத்துப் படத்தில் அக்கோபுரம் மதில்மேல் அமைந்த ஒரு சிறு செவ்வகம் மட்டுமே. உயரமே உருவான ஒரு கட்டடத்திலிருந்து உயரத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது அதுதான்.

அப்படத்தில் கோபுரத்தைக் காட்டிக்கொடுப்பது அதன் நிழல். நிழலோ நிலையானதன்று. இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களுள் பல முற்பகல் 10.30 மணியளவில் கடந்து செல்லுமாறு அமைக்கப்பட்டவை. மதுரை வடக்கு அகலாங்கு ஏறத்தாழ 9.9 பாகையில் இருப்பதைக் கொண்டு கணக்கிட்டால், அந்நேரத்தில் தெற்குக் கோபுரத்தின் நிழல் திசம்பர் இறுதியில் 44 மீட்டரை ஒட்டியும், ஏப்ரல் நடுவில் 21 மீட்டரை ஒட்டியும் அமையும். மாதக் குறிப்பில்லாத இரு படங்களை அருகருகே வைத்தால், ஒன்றில் கோபுரம் பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியின் முற்பகுதியிலும் நண்பகல் ஞாயிறு மதுரைக்கு ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். அப்போது எடுக்கும் படத்தில் கோபுரத்துக்கு நிழலே இராது.

விமானத்திலிருந்து தாழ எடுக்கும் படங்களில் வேறொரு திரிபு நேர்கிறது. வில்லையின் மையத்திலிருந்து விலகியுள்ள உயரமான பொருள்கள் வெளிப்புறமாகச் சாய்ந்து தோன்றும். கோயில் படத்தின் நடுவில் அமையுமாயின், வெளிமதிலின் நான்கு கோபுரங்களும் நான்கு திசையிலும் விரிந்து சாய்வதாகத் தெரியும். மலர் விரிவது போன்ற தோற்றத்துக்கு வில்லையின் இயல்பும் ஒரு காரணம் என்பதைத் தாமரை உவமையை எடுத்தாள்வோர் கருத வேண்டும்.

வடக்குக் கோபுரத்தை மக்கள் ‘மொட்டைக் கோபுரம்’ என்கின்றனர். நாயக்கர் காலத்தில் தொடங்கப்பட்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை உச்சி முடிவுறாமல் நின்றதால் வந்த பெயர் அது. இன்று மேலிருந்து பார்த்தால் அதற்கும் மற்ற மூன்றுக்கும் வேறுபாடு தெரியாது. சுதைச்சிற்பங்கள் அதில் குறைவு என்பதைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவரே அறிவர்.

இது வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. மீனாட்சியம்மன் கோயிலின் வெளிமதிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கட்டடங்கள் 9 மீட்டர் உயரத்துக்கு மேற்படக்கூடாது என்ற அரசாணை 1990-களிலிருந்து நடைமுறையில் உள்ளது. விதிமீறல்கள் தொடர்பாக உயர்நீதிமன்றத்தில் வழக்குகளும் நடந்துள்ளன. கோபுரக் காட்சியைக் காக்கும் இவ்விதி முழுக்க உயரம் பற்றியது. மரபுக் காப்பு அறிக்கைகளில் எடுத்துக்காட்டாக வைக்கப்படும் செங்குத்துப் படமோ உயரத்தைத் தட்டையாக்குவது. 9 மீட்டர் கட்டடத்துக்கும் 12 மீட்டர் கட்டடத்துக்கும் இடையிலான நிழல் வேறுபாடு முற்கூறிய நேரத்தில் ஏப்ரலில் ஏறத்தாழ 1.2 மீட்டர், திசம்பரில் 2.5 மீட்டர். 2005-இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 படத்தில் ஒரு புள்ளி தரையில் குறிக்கும் அளவே 2.5 மீட்டர். இணைப்படங்களைக் கொண்டு உயரம் கணிக்கும் முறை இருப்பினும், ஒரு மாடி கூடியதா இல்லையா என்பதை நெருக்கமான சந்துகளில் அம்முறையால் உறுதிசெய்வது எளிதன்று. ஆக, அடையாளத்தின் காட்சியை மறைக்கும் முதன்மையான மாற்றம் எதுவோ, அதுவே வான்வழிப் படத்திலிருந்து தப்பிவிடுகிறது. ‘அன்றும் இன்றும்’ என்று அச்சிடப்படும் இரு படங்களிலும் கோயில் ஒரே அளவில், ஒரே தெளிவில் நிற்கும். மாசி வீதியில் நிற்பவருக்கு அன்று தெரிந்த கோபுரம் இன்று தெரிகிறதா என்ற வினாவுக்கு அவற்றில் விடை இல்லை.

முற்காலத்தில் தெற்குக் கோபுரத்தின் உச்சிவரை ஏறிப் பார்க்கப் பார்வையாளர்களுக்கு இசைவு இருந்தது. அங்கிருந்து எடுக்கப்பட்ட பழைய படங்கள், உயரம் பற்றிய வினாவுக்கு விமானப் படங்களைவிடப் பயன்படக்கூடியவை. ஓட்டுக்கூரைகளும் ஒற்றை மாடிகளும் அவற்றில் உயரத்தோடு தெரிகின்றன. எடுக்கும் இடமாகிய கோபுரம் மட்டும் அப்படத்தில் இராது.

5. நீரும் மணலும்

நீர்நிலைகள் வானிலிருந்து பார்ப்பதற்கு ஏற்றவை. அளவும் வடிவும் மறைவதில்லை. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அமைத்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், ஏறத்தாழ 305 மீட்டர் நீளமும் 290 மீட்டர் அகலமும் கொண்டு, நடுவில் மைய மண்டபத்துடன் எப்படத்திலும் உடனே அடையாளம் காணப்படுகிறது. ஆயினும் அக்குளம் பல ஆண்டுகள் வறண்டு, இளைஞர்கள் மட்டைப்பந்து ஆடும் திடலாக இருந்தது. தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்காக மட்டும் நீர் நிரப்பப்பட்ட ஆண்டுகளும் உண்டு. அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாய் சீரமைக்கப்பட்டு வைகை நீர் வந்ததன்பின் குளம் மீண்டும் குளமாயிற்று. படத்தில் தெரியும் சதுரம் எல்லா நிலையிலும் ஒன்றே. அது குளமா, திடலா என்பதை அப்படம் எடுத்த மாதமும் அவ்வாண்டு மழையும் கால்வாயின் நிலையுமே முடிவு செய்கின்றன. வைகையும் அவ்வாறே. 1889-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம் ஒரு படத்தில் நீர்மேலும் மற்றொன்றில் மணல்மேலும் நிற்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கும் நாளில் எடுத்த படத்தில் நீரும் மணலும் தெரியாது. மக்கள் தலைகளே ஆறு.

ஏழுகடல் என்னும் குளத்தின் நிலை வேறு. புது மண்டபத்துக்குக் கிழக்கே இருந்த அக்குளம் தூர்க்கப்பட்டு, அவ்விடம் கடைப்பகுதியாயிற்று. கோட்டை விட்டுச்சென்றதைப் போன்ற தடம் எதையும் அது விட்டுச்செல்லவில்லை. கோட்டை ஒரு கோடு. கோடு தெருவாக மாறிப் பிழைத்தது. குளம் ஒரு பரப்பு. பரப்பைக் கூரைகள் மூடிவிட்டன. ‘ஏழுகடல் தெரு’ என்ற பெயர் இல்லையெனில் அங்கே ஒரு குளத்தைத் தேட எவருக்கும் தோன்றாது. அழிந்தவற்றை வான்வழிப் படம் காட்டும் என்ற கூற்றுக்கும் இவ்வாறு ஓர் எல்லையுண்டு. அந்த எல்லைக்கு அப்பால் இடப்பெயரும் கோயிலின் திருப்பணிப் பதிவுகளுமே துணை.

6. கூரைக்குக் கீழே

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே 333 அடி நீளத்தில் நீண்டு கிடக்கும் புது மண்டபம், திருமலை நாயக்கர் காலச் சிற்பக்கலையின் உச்சங்களுள் ஒன்று. 124 தூண்கள், நாயக்க மன்னர்களின் உருவச்சிலைகள், ஊர்த்துவ தாண்டவர், யானைக்குக் கரும்பூட்டிய சித்தர் வரலாறு ஆகியவை அதனுள் அமைந்துள்ளன. மேலிருந்து பார்த்தால் அது ஒரு நீண்ட சாம்பல்நிறக் கூரை. தலைமுறை தலைமுறையாக அம்மண்டபத்தினுள் தையற்கடைகளும் பாத்திரக்கடைகளும் புத்தகக்கடைகளும் நிறைந்திருந்த காலத்திலும், அவை குன்னத்தூர்ச் சத்திர வளாகத்துக்கு மாற்றப்பட்ட பின்னரும், கூரை ஒன்றுதான். அம்மண்டபத்தின் அண்மைக்கால வரலாற்றில் நிகழ்ந்த மிகப்பெரிய மாற்றம் அதுவே. தூண்கள் மீண்டும் கண்ணுக்குப் புலப்பட்டன. பல குடும்பங்களின் தொழிலிடம் பெயர்ந்தது. வான்வழிப் படங்களை வரிசையாக அடுக்கிவைத்தாலும் இவ்விரண்டில் எதுவும் அவற்றில் பதியவில்லை.

இதற்கு மாறான ஒரு நிகழ்வும் உண்டு. 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு, கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றி, கூரைக் கற்கள் சரிந்தன. கூரை சரிந்ததை மேலிருந்து பார்க்க முடியும். கூரைக்குக் கீழே கடைகள் செறிந்திருந்தன என்பதை அத்தீக்கு முந்தைய எந்தப் படமும் காட்டியிருக்க முடியாது. அழிவைப் பதிவு செய்யும் படம், அழிவை நோக்கிச் சென்ற ஆண்டுகளைப் பற்றி வாய்திறப்பதில்லை. அதே வட்டாரத்தில் வடக்கு ஆவணி மூல வீதியில், பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் எழுந்த பல்லடுக்கு வாகன நிறுத்தகம் மட்டும் படங்களில் பளிச்சென்று தெரிகிறது. பெரிய கூரை, புதிய கூரை என்பவையே மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மாற்றமாகப் படுகின்றன.

புது மண்டபத்துக்கு அப்பால் இராய கோபுரம் நிற்கிறது. திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் விட்ட அதன் அடித்தளம், முடிந்திருந்தால் மற்றெல்லாக் கோபுரங்களையும் விஞ்சியிருக்கும் என்பதை உணர்த்துமளவு பெரியது. கொடிக்கருக்குச் செதுக்கிய ஒற்றைக்கல் நிலைகளைக் கீழிருந்து காண்பவர் கழுத்து வலிக்கும். கோபுரமாக வளராததால் அதற்கு நீண்ட நிழல் இல்லை. சுற்றியுள்ள கடைகளின் கூரைகளோடு அது படத்தில் கலந்துவிடுகிறது. நகரத்தின் மிகப்பெரிய கனவுகளுள் ஒன்று, வானிலிருந்து காணும்போது ஒரு கடைவீதியின் பகுதி.

திருமலை நாயக்கர் மகால் இவ்வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. 1636-இல் கட்டப்பட்ட அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்பர். பேரன் சொக்கநாத நாயக்கர் அரண்மனையின் பகுதிகளைப் பிரித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுசென்றார் என்பது வழங்கிவரும் செய்தி. 1858-இல் லின்னேயஸ் டிரைப் தரையில் நின்று எடுத்த ஒளிப்படங்கள் சிதைந்த நிலையைக் காட்டுகின்றன. பின்னர் ஆளுநர் நேப்பியர் பிரபு (1866–1872) காலத்தில் சீரமைப்பு நடந்தது. இன்றைய வான்வழிப் படத்தில் சொர்க்க விலாசத்தின் திறந்த முற்றமும் அதைச் சூழ்ந்த கூரைகளும் குவிமாடங்களும் மிக ஒழுங்காகத் தெரிகின்றன. நான்கில் ஒரு பங்கு என்ற எண்ணமே படத்தைக் காண்பவருக்கு எழுவதில்லை. அது முழுமையான ஒரு கட்டடமாகவே தோன்றுகிறது. சிதைவைச் சொல்லும் பொறுப்பை டிரைப்பின் தரைப்படமே ஏற்றிருக்கிறது.

இழந்த முக்கால் பங்கின் சான்று மகாலுக்குச் சற்று அப்பால், வீடுகளுக்கும் கடைகளுக்கும் இடையே நிற்கிறது. பத்துத்தூண் சந்தில் நிற்கும் அப்பெருந்தூண்களுக்கு மேலே கூரை இல்லை. எனவே கட்டடம் என்ற கணக்கில் அவை படத்தில் வருவதில்லை. கொரோனா வரிசையின் மிகத் தெளிவான படங்களிலும் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 1.8 மீட்டரைக் குறிக்கும். ஒரு தூணுக்கு அதில் கிடைக்கக்கூடியது ஒரு புள்ளி. இன்றைய கூர்மையான படங்களிலும் பக்கத்து மாடிகளின் நிழல் அந்தச் சந்தை மூடிக்கொள்கிறது. அரண்மனையின் பழைய எல்லை எதுவரை சென்றது என்று அறிய விரும்பும் ஆய்வாளர், படத்தை மடித்து வைத்துவிட்டுத் தெற்கு மாசி வீதிப் பக்கம் நடந்து, துணிக்கடைகளுக்கு இடையே வழி கேட்டுத்தான் அத்தூண்களை அடைய வேண்டியிருக்கிறது.